இதயப்புள்ளி மரங்கொத்தியைப் படம் பிடிக்க

மரங்கொத்தி என்றதும் கண் தானாக அடிமரத்துக்குப் போய்விடும். இந்தப் பறவையிடம் அது பலிக்காது. இதயப்புள்ளி மரங்கொத்தி கிட்டத்தட்ட சிட்டுக்குருவி அளவுதான், 16 செ.மீ. இருக்கும். கட்டை வால், பெரிய தலை, பின்னால் தூக்கி நிற்கும் கொண்டை. விரல் பருமன்கூட இல்லாத உச்சிக் குச்சிகளில்தான் அதற்கு வேலை. அங்கேதான் தேட வேண்டும்.

ஆனைமலையில் டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் பக்கத்துத் தேக்குக் காடுகள் எனக்குப் பிடித்த இடம். மாசி, பங்குனியில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும், உச்சிவரை பார்வை போகும். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதிக்கும் பாதையில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் நடங்கள். அந்த வழிகாட்டிகளின் காது நம் லென்ஸைவிடப் பெரிய சொத்து.

மரத்தைத் தட்டும் சத்தத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். இது தட்டுவது மெலிதாகத்தான் கேட்கும். அதற்குப் பதிலாகத் துடுப்புவால் கரிச்சான் கத்துகிறதா என்று கவனியுங்கள். கரிச்சான், மின்சிட்டு எல்லாம் கூட்டமாக இரை தேடிக்கொண்டு நகரும்போது நம் ஆளும் அடிக்கடி கூடவே வரும். கூட்டத்தைத் துரத்த வேண்டாம். அது போகிற திசையைப் பார்த்து, முன்கூட்டியே போய் நில்லுங்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழிருந்து எடுத்தால் கருஞ்சாம்பல் வயிறு மட்டுமே விழும். பெயருக்குக் காரணமான புள்ளிகள் சிறகின் மேல்புறத்தில், முதுகை ஒட்டி இருக்கின்றன: வெள்ளைப் பரப்பில் குட்டிக் குட்டிக் கருப்பு இதயங்கள். அவை வேண்டுமென்றால் பறவையின் மட்டத்துக்கு நாம் ஏற வேண்டும். மலைச்சரிவில் போகும் பாதை இதற்கு அருமை. பள்ளத்தில் வேர்விட்ட மரத்தின் உச்சி நம் கண்ணுக்கு நேரே நிற்கும். காப்பித் தோட்டங்களிலும் இப்படி வாகான இடங்கள் உண்டு. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போதும். ஒரு நொடி ஓரிடத்தில் இருக்காத பறவை, அதனால் ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் கீழே போக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, 3200 ஆனாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும், இல்லையென்றால் முன்னாலிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெளிச்சம். வெள்ளை வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள். வெயில் நேராக விழுந்து, பின்னணி இருட்டாக இருந்தால் -0.7க்கு இறக்குங்கள், வெள்ளை வெளுத்துப்போனால் சிறகின் நுணுக்கம் திரும்பி வராது. ரா ஃபைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுத்தால் கருப்பில் ஒளிந்திருப்பதைப் பிறகு மீட்கலாம்.

குரலைப் பதிவில் ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். பட்ட கிளையில் பொந்து குடைவதைப் பார்த்தால் அங்கே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள், அந்த மரம் எதுவென்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பிரிக்கும்போது நெற்றியைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பெண், கருப்பென்றால் ஆண். ஜோடியாகத் திரிகிற பறவை என்பதால், ஒன்று கிடைத்த மரத்தில் எடுத்த மற்ற படங்களையும் அழிக்குமுன் ஓரம்வரை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.