ஊருக்குள் 60 வேண்டாம், 40 போதும்: வேகக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் தெருக்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், "வேலைக்கு நேரத்தோடு போக வேண்டாமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 5 நிமிடம், 40-ல் கடந்தால் ஏழரை. ஆனால் ஊருக்குள் எங்கும் நிற்காமல் யார் போகிறார்கள்? விரட்டிப் போய் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியை அடுத்த ரோபோ, அதாவது போக்குவரத்து சிக்னல், விழுங்கிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, "இருபதுதானே கூடுதல்" என்று நினைப்பது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 40-ல் இருப்பதைவிட 60-ல் அது இரண்டேகால் மடங்கு. நின்றிருக்கும் மினிபஸ் டாக்சிக்குப் பின்னாலிருந்து, உங்களுக்கு 20 மீட்டர் முன்னே, ஒரு பிள்ளை சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும். சாலை காய்ந்திருக்கிறது, பிரேக்கும் நன்றாக இருக்கிறது. 40-ல் வந்த கார் மயிரிழையில் நின்றுவிடும். 60-ல் வந்த காரோ அந்த ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 17 மீட்டர் ஓடியிருக்கும். பிள்ளையை மோதும்போது வேகம் 55-ஐ ஒட்டி இருக்கும். முப்பது வருடம் வண்டி ஓட்டியவருக்கும் இதே கணக்குத்தான். மழை நாளில் இன்னும் மோசம்.

தென்னாப்பிரிக்காவில் ஊருக்குள் பொது வரம்பு 60. அதை உரிமையாக எடுத்துக்கொள்கிறோம். அது உச்சவரம்பு மட்டுமே. காவடி ஊர்வலம் போகும் சாலையிலும், பள்ளி விடும் நேரத்திலும் 60-ல் போக எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று வைத்துவிட்டது. 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும், மனிதர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களுக்கு 30-ஐத்தான் வலியுறுத்தியது. அதைப் பார்த்தால் நாம் 40 கேட்பது பேராசையே இல்லை.

வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கும்போது வேக வரம்புப் பலகை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அகலமான, நேரான சாலையில் பலகையைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. குடியிருப்புத் தெருவுக்கு வேகத்தடை கேளுங்கள். மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஓடும் பெரிய சாலைக்கு அது பொருந்தாது. அங்கே சாலையைக் குறுக்கி, நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு அமைக்கச் சொல்லுங்கள்.