முதல் டெண்டர் போடப் போகிறீர்களா? ரேட்டைக் கடைசியில் பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், அரசுப் பள்ளிகளுக்கு 250 இரும்பு பெஞ்ச் சப்ளை செய்ய டெண்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு சுமார் 10 லட்சம் ரூபாய். புதிதாக இறங்குபவர்கள் எடுத்ததுமே "என்ன ரேட் போடலாம்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

1. அறிவிப்பும் தகுதியும்

தமிழ்நாடு அரசுக் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். அதன் விதிகளின்படி 2 கோடி வரையிலான டெண்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள், ஆன்லைனில் டெண்டர் போடத் தேவையான கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வாங்கியாக வேண்டும். டர்ன்ஓவர், முன் அனுபவம் கேட்டிருந்து உங்களிடம் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நடுவில் திருத்த அறிவிப்பு வரலாம். அப்லோடு செய்யும் அன்று காலையும் ஒருமுறை பாருங்கள்.

2. முடங்கும் பணம்

இஎம்டி என்பது டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத் தொகை. 1 சதவீதம் என்றால் 10,000 ரூபாய். டெண்டர் கிடைக்காவிட்டால் திரும்பி வரும். கிடைத்த பிறகு பின்வாங்கினால் போய்விடும். ஆர்டர் கிடைத்தவர் கட்டுவது காப்புத்தொகை. 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 50,000 ரூபாய், ஒப்பந்தம் முடியும்வரை கைக்கு வராது. உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறுதொழிலுக்கு இஎம்டி விலக்கு பல டெண்டர்களில் உண்டு. சான்றிதழை இணைக்க மறந்தால் அந்த விலக்கு கிடைக்காது. விலக்கு இஎம்டிக்குத்தானே தவிர, காப்புத்தொகைக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதீர்கள்.

3. இரண்டு கவர்

கவர் என்பது ஆன்லைனில் தனித்தனியாக ஏற்றும் பகுதி. முதல் கவரில் தகுதி ஆவணங்கள், இரண்டாவதில் விலை. முதலில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டுமே திறப்பார்கள். விலையை முதல் கவரில் எங்கேயாவது குறிப்பிட்டுவிட்டால் கதை முடிந்தது. குறைந்த விலை கொடுத்தவர்தான் எல்1.

4. பிஓக்யூ

பொருள், அளவு, ரேட் எழுதும் எக்செல் ஷீட் இது. கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், நிரப்பச் சொன்ன கட்டங்களில் மட்டும் எழுதுங்கள்.

நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்வது ஜிஎஸ்டியில்தான். பெஞ்சுக்கு 4,000 ரூபாய், வரி தனியாக வரும் என்ற கணக்கில் ரேட் போடுகிறீர்கள். டெண்டரில் "வரி உட்பட" என்று இருந்தால் 18 சதவீதம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். உங்களுக்கு மிஞ்சுவது 3,390 ரூபாய். பெஞ்சுக்கு 610 வீதம் 250-க்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகிறது. லாபம் மொத்தமும் அதில் கரைந்திருக்கும். இறக்குக்கூலி, வண்டி வாடகை யார் தலையில் என்பதையும் அதே பக்கத்தில் தேடுங்கள்.

5. பணி ஆணைக்குப் பிறகு

டெலிவரி தாமதமானால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற விதியைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். வாரத்துக்கு இத்தனை சதவீதம் என்று இருக்கும்.

பில் பணம் இழுத்தால்? உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகாரை மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சக இணையதளம் வழியாகப் போடலாம். அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும்: டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை மூன்றையும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.