கயிற்றைக் கையில் வாங்காதீர்கள்: உதவி சாரண ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு படைக்கு அதிகபட்சம் 32 பேர். ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். அணியை நடத்துவது அணித்தலைவன், பெரும்பாலும் பதின்மூன்று பதினாலு வயசுப் பையன். புதிதாகச் சேர்ந்த உதவி சாரண ஆசிரியர் ஆர்வக்கோளாறில் இதை மறந்து, ஒன்பதாவது ஆளாக அணிக்குள் புகுந்துவிடுவார். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முகாமில் கேட் கட்டும்போது பாருங்கள். மூங்கிலில் கிளவ் ஹிட்ச் (கம்பைச் சுற்றிக் கயிற்றை இறுக்கும் முடிச்சு) போடும் பையன் இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவான். அது வேறு முடிச்சாகி, பாரம் ஏறியதும் வழுக்கும். "குடு கண்ணு" என்று கயிற்றை வாங்கி நீங்களே போட்டால் கேட் நிற்கும். பையனுக்கு முடிச்சு வராது, அணித்தலைவன் பேச்சும் அன்றோடு எடுபடாது. அணித்தலைவனைத் தள்ளிக் கூப்பிட்டு, "ரெண்டாஞ் சுத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாரப்பா" என்றால் போதும். காட்டியே ஆகவேண்டுமென்றால், உங்கள் பையில் தனியாக ரெண்டு மீட்டர் கயிறு இருக்கட்டும்.

சமையலிலும் இதே கதை. அரிசியும் பருப்பும் சாதத்துக்கு 8 பேர் அணி என்றால் ஒரு கிலோ அரிசி, கால் கிலோ துவரம்பருப்பு. தண்ணீர் ஒன்றுக்கு மூன்று. மூடாத பாத்திரம், விறகடுப்பு என்றால் இன்னும் அரைப் பங்கு. பையன் அளந்து ஊற்றியிருப்பான். வழியில் போகிற உதவி ஆசிரியர் "பத்தாது" என்று ஒரு சொம்பு ஊற்றுவார், பின்னால் வரும் சாரண ஆசிரியர் இன்னொரு சொம்பு. சாதம் கஞ்சியாகும், பழி பையன்மேல். அவன் அளவு தப்பாகவே இருந்தாலும் குழைந்ததை அணியே சாப்பிடட்டும். அடுத்த வேளை தானாகச் சரியாகும்.

தீ, கத்தி, ஆழத் தண்ணீர் மூன்றும் வேறு. அங்கே ஜாடைப் பேச்சு கூடாது, நேராகத் தடுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது, கூடாரங்களுக்கு மேற்கே அடுப்பு மூட்டினால் பொறி துணிமேல்தான் விழும். அடுப்பு கிழக்கே போகட்டும், கூடார வாசலும் கிழக்கே பார்க்கட்டும்.

சாரண ஆசிரியர் மறுத்த ஒன்றுக்கு, "பெரிய சார் வேண்டாம்னாருங்க, நீங்க சொல்லுங்க சார்" என்று ஒருவன் வருவான். நல்லபேர் வாங்க ஆசைப்பட்டுத் தலையாட்டினால் படைக்கு இரண்டு தலைமை. "சார்கிட்டயே கேட்டுச் சொல்றேன்" என்பதோடு நிறுத்துங்கள். அவரோடு கருத்து வேறுபாடா, பிள்ளைகள் படுத்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

மலையேற்றத்தில் முன்னால் வேகமாக நடப்பது இன்னொரு தவறு. உதவி ஆசிரியரின் இடம் கடைசி. செருப்பு அறுந்தவனும் மூச்சு வாங்குபவனும் அங்கேதான் இருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அணித்தலைவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள்; அதை நம்பி விட்டுவிடாமல் நீங்களும் ஒருமுறை தலை எண்ணுங்கள். கொடிவேரி அணை மாதிரி குளிக்கும் இடங்களில் நீருக்குள் இறங்குமுன் இரண்டிரண்டு பேராக ஜோடி பிரித்துவிட்டால், ஒருவன் காணவில்லை என்பது இன்னொருவனுக்கு உடனே தெரியும்.

ஒரு பிள்ளையோடு கூடாரத்துக்குள் தனியே இருப்பதும், தனியாக வாட்ஸ்ஆப் அனுப்புவதும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பிறர் கண்ணில் படும் இடத்தில் பேசுங்கள். செய்தி பெற்றோர் குழுவுக்குப் போகட்டும்.

கடைசியாகக் கையெழுத்து. முகாம் முடியும் அவசரத்தில், பார்க்காத முடிச்சுக்கும் முதலுதவிக் கட்டுக்கும் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருதுத் தேர்வில் வெளித் தேர்வாளர் கயிற்றை நீட்டும்போது, அந்தப் பையன் தேர்வாளரை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.