மனையில் முதலீடு: கற்றுக்கொள்ளும்போதே நடக்கும் தவறுகள்

மனையில் பணம் போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு வகுப்பை. முதல் தவறும் அங்கேதான் நடக்கிறது. நான் பணம் கட்டிப் போன வகுப்பில் காலையில் பணம் இரட்டிப்பாகும் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏற்றி, அவர்களே போட்ட லேஅவுட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அன்று முழுக்க ஒரு பத்திரத்தைக்கூட யாரும் பிரித்து வாசிக்கவில்லை. விற்பவரிடம் தயவுசெய்து பாடம் கேட்காதீர்கள்.

பாடம் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தை வாசியுங்கள். நான்கு பக்க எல்லையையும் சொல்லும் நான்குமாலில் 'கந்தசாமி நிலத்துக்கு வடக்கு' என்று இருந்தால், கந்தசாமி நிலம் நமக்கு வடக்கே இருப்பதாகவே புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது இருப்பது தெற்கே. அதற்கு வடக்கில் இருப்பதுதான் நம் நிலம். ஒரு தாளில் நாலு பக்கமும் வரைந்து, எஃப்எம்பி எனும் சர்வே அளவு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பட்டாவையும், கிராம நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பட்டா இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அது வருவாய்த்துறைப் பதிவுதான். உரிமையைக் காட்டுவது தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, கைமாறி வரும் தொடர்ச்சி.

வில்லங்கத்தில், அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் ஆகியவற்றின் பட்டியலைப் பார்ப்பதில், இன்னொரு சறுக்கல். பதிவுத்துறைத் தளத்தில் 112/3ஏ என்று சர்வே எண்ணின் உட்பிரிவை மட்டும் போட்டுத் தேடிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த கிரயமும் அடமானமும் 112/3 என்ற பழைய எண்ணில் கிடக்கும். அதையும் போட்டுத் தேட வேண்டும். பதிவாகாத உயிலும், மகள்களுக்குச் சேர வேண்டிய பங்கும் வில்லங்கத்தில் தெரியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. வாரிசுச் சான்றில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பாருங்கள். பல வழக்குகள் இந்த எண்ணிக்கை குறைந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வருமானக் கணக்கு சொல்லித் தருபவர்கள் செலவைச் சொல்வதில்லை. 20 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்றால் 1.80 லட்சம் அங்கேயே போய்விடும். லேஅவுட் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். விற்றுக்கொடுக்கும் ஏஜென்டும் அதே சட்டப்படி பதிந்திருக்க வேண்டும்.

கடைசியாக வக்கீல். 'லீகல் ஒப்பீனியன் ரெடியா இருக்கு சார்' என்று விற்பவர் நீட்டும் தாள் அவருக்காக எழுதப்பட்டது. உங்களுக்கென ஒரு வக்கீலுக்குக் கட்டணம் கொடுங்கள். அவர் பத்திரங்களைப் புரட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று கேளுங்கள். நான் உருப்படியாகக் கற்றது அந்த நாற்காலியில்தான்.