உங்கள் செனட்டர் என்ன செய்தார் என்று பார்ப்பது எப்படி?

கலிஃபோர்னியா மாநில செனட்டில் 40 பேர். பதவிக்காலம் 4 ஆண்டுகள். உங்கள் செனட்டரின் வேலையை அறிய அவர் அனுப்பும் பளபளப்பான அட்டையை நம்பாதீர்கள். மாநில அரசின் சட்டமன்றத் தளத்தில் அவர் பெயரைப் போட்டு மசோதாக்களைத் தேடுங்கள்.

நான் இதைக் கற்றது எஸ்.பி. 403 என்ற செனட் மசோதாவில்தான். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க, செனட்டர் ஆயிஷா வஹாப் 2023-இல் கொண்டுவந்தது. முதலில் அந்தத் தளத்தில் மசோதாவின் வரலாற்றுப் பக்கத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள். மே மாதம் செனட்டில் 34-1 என்று நிறைவேறியது தெரியும். அப்புறம் பழைய வடிவங்களைத் திறங்கள். நீக்கியது சிவப்பில் அடிக்கப்பட்டிருக்கும், சேர்த்தது நீலச் சாய்வெழுத்தில் இருக்கும். தனி வகையாக நின்ற 'சாதி', வம்சாவளி என்பதன் விளக்கத்துக்குள் போனதை அங்கேதான் கண்டேன். ஒரே ஒரு சொல் இடம் மாறியதைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் 7 அன்று ஆளுநர் நியூசம் மசோதாவில் கையெழுத்திடாமல் வீட்டோ செய்து திருப்பி அனுப்பிவிட்டார்.

தோற்ற மசோதாக்களையும் கட்டாயம் பாருங்கள். செலவு வைக்கும் மசோதாக்கள் பல, நிதி ஒதுக்கீட்டுக் குழு அவற்றை நிறுத்திவைக்கும் 'சஸ்பென்ஸ்' கோப்பிலேயே விவாதமின்றி முடிந்துவிடும். மே, ஆகஸ்டு மாதங்களில் முடிவை மளமளவென்று வாசிப்பார்கள். உங்களுக்கு முக்கியமான மசோதா இருந்தால், அதற்கு முன்பே செனட்டரின் தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். மசோதா எண்ணை முதலில் சொல்லுங்கள், பிறகு உங்கள் ஊரை.