கை ஆடவில்லை, கால்தான் தப்பு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குத் துப்பாக்கி என்றால் சினிமாதான். மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிகூட 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வரும். ஆகவே, ஆசைப்படுகிறவர்கள் முறையான கிளப்பில், பயிற்சியாளர் முன்னால்தான் பழக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு கையால் பிடித்துச் சுடும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் செய்யும் முதல் தவறு, நின்ற இடத்தில் நின்றபடி கையை மட்டும் இழுத்துக் குறிபார்ப்பது. குண்டு இடதுபக்கம் போனால் மணிக்கட்டை வலப்பக்கம் திருப்புவார்கள். அந்த ஒரு குண்டு சரியாகப் போகும். அப்புறம் தோள் சோரும், கை பழைய இடத்துக்கே திரும்பும். குறி அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குழலின் முனையில் இருக்கும் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், அட்டையில் குண்டு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் தள்ளிப் போகும்.

என் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். நீளக் கம்பைத் தூக்கும் முன் மரத்தைச் சுற்றி வந்து, கால் ஊன்ற இடம் பார்ப்பார். இங்கேயும் அதே கதைதான். குண்டு போடாத துப்பாக்கியைக் குறிக்கு நேராக நீட்டி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையைத் தொடாதீர்கள். பின்காலை நகர்த்தி, இடுப்போடு உடம்பையே திருப்புங்கள். சரியாகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான்.

சும்மா இருக்கும் கையைத் தொங்கவிடுவது இன்னொரு தவறு. அது ஆடினால் தோளும் ஆடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி சுட்டதை ஊரே ஸ்டைல் என்றது. கையை அடக்கி வைக்க ரொம்பப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்வதையும் விடுங்கள்.

இரண்டு கையால் பிடிக்கும் பெரிய கைத்துப்பாக்கியில் கணக்கு வேறு. அங்கே உதைப்பு உண்டு. பயத்தில் பின்னால் சாய்ந்தால் உதைப்பு ஆளையே தள்ளும், அடுத்த குண்டு மேலே போகும். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். இரண்டு கையையும் நேராக நீட்டி நிற்பது ஐசோசிலிஸ் என்கிற நிலை. உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒரு கை தள்ள மறுகை இழுப்பது வீவர் நிலை. எது மேல் என்று டீக்கடையில் விடிய விடியப் பேசலாம். ஒரே நாளில் இரண்டையும் கலந்து பழகாதீர்கள், அவ்வளவுதான்.