ஆர்வி எடுத்துக்கொண்டு பழைய நண்பர்களைப் பார்க்கப் போவது எப்படி: டாலஸிலிருந்து கேரி வரை

காலேஜ் ஹாஸ்டலில் ஒரே ரூமில் கிடந்தவர்கள் அமெரிக்கா வந்தபின் ஆளுக்கொரு மாநிலம். நீங்கள் டாலஸ், ஒருவன் அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், இன்னொருவன் ஷார்லெட், மற்றொருவன் ராலே பக்கம் கேரி. பிளேனில் போனால் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். காரில் குடும்பத்தோடு போனால் ஒவ்வொரு வீட்டிலும் நாலு பேருக்குப் படுக்கை போடச் சொல்ல வேண்டும். ஆர்வி என்பது சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரி; படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் கூடவே வரும்.

முதல்முறை போகிறவர்கள் வண்டி ஓட்டுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் நண்பன் வீட்டு வாசலில் நிறுத்துவதுதான் பெரிய வேலை. அதனால் அதை மட்டும் கொஞ்சம் நீட்டி முழக்கியிருக்கிறேன்.

படி 1: வண்டி

நாலு பேருக்கு 25 அடி கிளாஸ் சி போதும். டிரைவருக்கு மேலேயும் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். நாள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்; மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு இருக்கும். கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும். அட்லாண்டா போய்ச் சேர சுமார் 780 மைல், அதற்கே 80 முதல் 100 கேலன் ஆகும். கிரெடிட் கார்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆர்விக்குச் செல்லாது, முன்னமே போன் செய்து கேளுங்கள்.

வண்டியை எடுக்கும்போது உள்ளும் புறமும் வீடியோ எடுங்கள். உயரத்தைக் கேட்டு எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். சுமார் 12 அடி இருக்கும். டிரைவ்-த்ரூ பக்கமே போக வேண்டாம்.

படி 2: பாதை

ஐ-20 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஷ்ரீவ்போர்ட், விக்ஸ்பர்க், பர்மிங்ஹாம், அட்லாண்டா. அங்கிருந்து ஐ-85 ஷார்லெட்டுக்கு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். முதல் நாள் மட்டும் விக்ஸ்பர்க் வரை 360 மைல் இழுத்துவிடலாம். உள்நாட்டுப் போரில், 1863-இல் 47 நாள் முற்றுகை நடந்த ஊர். மிசிசிப்பி ஆற்றைப் பார்த்தபடி கால் நீட்ட நல்ல இடம்.

அலபாமா தாண்டி ஜார்ஜியாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். “ஏழு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துடுறோம்” என்று சொல்லும்போது எந்த ஊர் ஏழு மணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரியாணி ஆறிப்போகும்.

படி 3: நண்பனிடம் கேட்க வேண்டியவை

“தாராளமா வாடா, டிரைவ்வே காலியாத்தான் இருக்கு” என்பான். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். வாட்ஸப்பில் இவற்றைக் கேளுங்கள்:

தெருவிலிருந்து டிரைவ்வே எப்படித் தெரிகிறது என்று ஒரு போட்டோ. கூடைப்பந்து வளையத்திலிருந்து கேரேஜ் கதவுவரை எத்தனை அடி? மரக்கிளை தாழ்வாக இருக்கிறதா? ஏறும் இடம் செங்குத்தாக இருந்தால் வண்டியின் பின்பக்கம் தரையில் உரசும்.

பிறகு எச்ஓஏ, அதாவது குடியிருப்புச் சங்கத்தின் விதிகள். புது குடியிருப்புகள் பலவற்றில் ஆர்வி நிறுத்தவே கூடாது, அல்லது ஏற்றி இறக்க ஓரிரு நாள்தான் அனுமதி. தெருவில் ராத்திரி நிறுத்தவும் பல ஊர்களில் தடை உண்டு. நாம் கிளம்பிப் போய்விடுவோம், அபராதக் கடிதம் அவனுக்குத்தான் வரும்.

இதில் எதுவாவது ஒத்துவராவிட்டால் நண்பனை வற்புறுத்த வேண்டாம். கம்மிங்கிலேயே லேனியர் ஏரிக்கரையில் ராணுவப் பொறியியல் துறை நடத்தும், ஆர்வி நிறுத்தித் தங்கும் பால்ட் ரிட்ஜ் கிரீக் முகாம் இருக்கிறது. கேரிக்குப் பக்கத்தில் ஜார்டன் ஏரி. இரண்டிலும் மின் இணைப்பு உள்ள இடங்கள் கிடைக்கும், ஆனால் வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்பே புக் செய்ய வேண்டும். நண்பன் குடும்பத்தையே முகாமுக்கு வரச் சொல்லுங்கள். அவன் பிள்ளைகள் உங்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள்.

படி 4: வாசலில் நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஒருவர் இறங்கி, உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீளமாக உடம்பு இருப்பதால், வலப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் இடப்பக்கம் வீசும். எதிர்வீட்டுத் தபால் பெட்டி பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

வண்டிக்கு வேண்டியது 30 ஆம்ப். கேரேஜ் பிளக்கில் இருப்பது 15 ஆம்ப், அதாவது 1800 வாட். அடாப்டரும் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரும் போட்டால் விளக்கு எரியும், பேட்டரி சார்ஜ் ஏறும். ஏசி ஓடாது. ஜூலை மாத ஜார்ஜியாவில் ஏசி இல்லாமல் வண்டிக்குள் தூங்க முடியாது. ராத்திரி ஜெனரேட்டர் போட்டால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். கோடையில் கௌரவம் பார்க்காமல் வீட்டுக்குள் படுங்கள். மார்ச், அக்டோபரில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

“வீட்ல ரூம் இருக்கறப்ப வண்டியில ஏண்டா படுக்கறே?” என்று கோபித்துக்கொள்வார்கள். சாப்பாடு அவர்கள் வீட்டில், காலை டிகாக்‌ஷன் காபி நம் வண்டியில் என்று பேசி வைத்தால் இரு தரப்புக்கும் சம்மதம்.

படி 5: கழிவுத் தொட்டி

பிளாக் டேங்க் டாய்லெட்டுக்கு, கிரே டேங்க் சிங்க்குக்கும் குளியலுக்கும். இரண்டையும் நண்பன் வீட்டுத் தெருச் சாக்கடையில் திறக்கக் கூடாது, அது சட்டவிரோதம். முகாமிலோ டிரக் ஸ்டாப்பிலோ உள்ள, கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

கையுறை போட்டுக் குழாயை இரு முனையிலும் மாட்டி, முதலில் பிளாக் வால்வை இழுங்கள். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு கிரேயைத் திறங்கள். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றினால் நாற்றம் குழாயோடு கூடவே வரும். பிளாக் டேங்கில் கொஞ்சம் தண்ணீரும் ரசாயனமும் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். முகாமில் சாக்கடை இணைப்பு இருந்தாலும் பிளாக் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

நம் சமையலுக்கென்று ஒன்று: சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, எண்ணெய் எதுவும் சிங்க்கில் போகக் கூடாது. தட்டை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

படி 6: திருப்பிக் கொடுப்பது

டேங்குகளைக் காலி செய்து, பெட்ரோலும் அடுப்புக்கான புரோபேன் வாயுவும் ஒப்பந்தத்தில் உள்ள அளவுக்கு நிரப்பி, பழையபடி வீடியோ எடுத்துக் கொடுங்கள். கம்மிங்கில் கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டில் இன்னும் வண்டி பிரிட்ஜ் கதவில்தான் இருக்கும், சாவியைக் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள்.